தலித் பெண்ணியச் சிந்தனையும் செவ்வியல் சமூகவியலும்

தலித் பெண்ணியச் சிந்தனை என்பது, சாதியும் ஆணாதிக்கமும் வர்க்கமும் ஒரே வாழ்க்கைக்குள் பிணைந்து இயங்குவதைக் கண்டு, அந்தப் பிணைப்பின் அடியில் வாழ்ந்த பெண்களின் அறிவிலிருந்து சமூகத்தை விளக்கும் மரபு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியத்துக்கு இந்தியாவில் மிக நெருங்கிய உறவு இதுதான். தமிழில் அதன் முதன்மை நூல்களான ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) இரண்டையும் எழுதிய பாமா 1958இல் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தார். அன்று அது இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பக்கம் போனது. எஞ்சிய கரையோர இராமநாதபுரத்தில், கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பு இதே சிந்தனைக்கு இன்னொரு களமாக இருக்கிறது.

செவ்வியலாரும் அவர்கள் காலத்துப் பிறரும்

மார்க்ஸ், டர்கைம், வெபர் ஆகிய மூவரையே சமூகவியலின் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டுகின்றன. டர்கைமின் ‘சமூகத்தில் வேலைப்பிரிவினை’ 1893இல் வெளிவந்தது. நாகரிகம் வளர வளரப் பெண் போரிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விலகிக் குடும்பத்துக்குள் ஒடுங்குகிறாள், ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவுசெய்யும் தனித்தனி வேலைகளுக்கு உரியவராகிறார்கள் என்று அதில் அவர் வாதிட்டார். அதற்கு ஓராண்டு முன், 1892இல், அடிமையாகப் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர் ‘தெற்கிலிருந்து ஒரு குரல்’ என்ற நூலை அமெரிக்காவில் வெளியிட்டிருந்தார். இனச் சிக்கலைக் கறுப்பின ஆண்களும் பெண்ணுரிமையை வெள்ளைப் பெண்களும் பேசும்போது கறுப்பினப் பெண்ணின் நிலை இரண்டிலும் விடுபடுவதை அவர் அன்றே காட்டினார். டர்கைமைப் படித்த தலைமுறைகள் கூப்பரைப் படிக்கவில்லை. தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்தக் குரல் கோட்பாடு, எந்தக் குரல் வெறும் சாட்சியம் என்று பிரித்த கைகள் இருந்தன.

அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டூ பாய்ஸுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. வெபர் அவரை அறிந்திருந்தார். 1904 அமெரிக்கப் பயணத்தில் சந்தித்தார். தாம் நடத்திய இதழில் அவர் கட்டுரையை 1906இல் வெளியிட்டார். இருந்தும் சமூகவியலின் நிறுவனர் வரிசையில் டூ பாய்ஸுக்கு இடம் கிடைக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை 1916 முக்கியமான ஆண்டு. இந்துமதம் குறித்த வெபரின் கட்டுரைகள் ஜெர்மனியில் வெளிவரத் தொடங்கிய அதே ஆண்டு, மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் வகுப்பில் 25 வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்பது அவர் முடிவு. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்து எஞ்சும் பெண் அந்தச் சமனைக் குலைக்கிறாள். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம் மூன்றும் அந்தக் கணக்கைச் சரிசெய்யப் பிறந்த ஏற்பாடுகள் என்று அவர் நிறுவினார். பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்துவதைச் சாதியின் பக்கவிளைவாகப் பார்க்காமல், சாதி இயங்கும் வழியாகவே கண்ட முதல் சமூகவியல் விளக்கங்களில் இது ஒன்று. செவ்வியல் கோட்பாட்டுப் பாடத்தில் வெபருக்குப் பக்கத்தில் இக்கட்டுரை இல்லாதது பெரிய குறை.

வெபர் பண்டைய யூதர்களை விளக்கக் கையாண்ட ‘பறையர் மக்கள்’ என்ற கருத்தாக்கத்தின் பெயரே தமிழகத்துச் சாதியொன்றிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அந்தச் சமூகத்தின் பெண்ணான பாமா தன் ஊரைப் பற்றித் தானே எழுத 1992 ஆயிற்று.

உள்ளிருக்கும் வெளியாள்

கறுப்பினப் பெண்ணியத்துக்கும் செவ்வியல் கோட்பாட்டுக்குமான உறவை மிகத் தெளிவாக வகுத்தவர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ். 1986இல் அவர் எழுதிய கட்டுரையும் 1990இல் வந்த ‘கறுப்பினப் பெண்ணியச் சிந்தனை’ நூலும் செவ்வியலாரைத் தூக்கி எறியவில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மெலின் ‘அந்நியன்’ என்ற கருத்தை எடுத்து வேறு ஆளிடம் பொருத்தின. சிம்மெலின் அந்நியன் எங்கிருந்தோ வந்து தங்கும் வணிகன். யாரோடும் முழுதாக ஒட்டாததால் எல்லாரையும் விலகி நின்று பார்க்க முடிந்தவன். காலின்ஸ் காட்டியவளோ வெள்ளையர் வீட்டில் சமைத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்த கறுப்பின வேலைக்காரி. வீட்டின் அந்தரங்கம் முழுதும் அவளுக்குத் தெரியும். வீட்டாளாக அவள் ஒருநாளும் ஆகமாட்டாள். இந்த ‘உள்ளிருக்கும் வெளியாள்’ நிலையிலிருந்து பிறக்கும் அறிவு, மேலிருந்து பார்ப்பவருக்குக் கிட்டாதது என்பது அவர் வாதம். காலின்ஸ் பின்னர் 2009இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவரே.

புதுப்பட்டி

இக்கருத்தைப் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ நூலின் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமையைவிட வேற்றுமை அதிகம் கற்பிக்கிறது. பாமாவின் பாட்டிகளும் வேலைக்காரிகள்தான். நாயக்கர் வீடுகளில் சாணம் அள்ளித் தொழுவம் கூட்டியவர்கள். ஆனால் அவர்களின் வேலை தொழுவத்தோடும் கொல்லைப்புறத்தோடும் முடிந்தது. மிச்சச் சோற்றைப் பாட்டியின் பாத்திரத்தில் படாமல் உயரத்திலிருந்து கொட்டுவதைச் சிறுமியாகக் கண்டதை பாமா பதிவு செய்திருக்கிறார். அமெரிக்க இனவாதம் கறுப்பினப் பெண்ணை அடுப்படிக்குள் விட்டு, அவள் பாலை வெள்ளைக் குழந்தைக்குக் கொடுக்கவும் வைத்தது. தீண்டாமையோ தலித் பெண்ணைப் பின்வாசலிலேயே நிறுத்தியது. ஆகவே இங்கே அறிகிறவள் வீட்டுக்குள் இல்லை. சிம்மெலின் அந்நியனாகவும் அவள் இல்லை, ஏனெனில் அந்த ஊரை விட்டு அவள் போக முடியாது. சேரியும் அந்த ஊரின் பகுதியே. காலின்ஸின் கருத்தாக்கத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அது அச்சாகப் பொருந்தும் இடம் கன்னியர் மடம். பாமா ஆசிரியர் வேலையை விட்டுத் துறவறம் பூண்டு, ஏழாண்டுகளுக்குப் பின் 1992இல் வெளியேறினார். ஏழைகளுக்குத் தொண்டு என்று சொன்ன நிறுவனத்துக்குள் சாதி எப்படிப் புழங்கியது என்பதை உள்ளே இருந்தவரால்தான் எழுத முடிந்தது.

‘கருக்கு’ சொல்லும் சாதிக் கலவரம் இன்னொரு பாடம். கல்லறை நிலத்துக்காகச் சாலியர்களோடு மூண்ட சண்டையில் போலீசார் சேரிக்குள் புகுகிறார்கள். ஆண்கள் பிடிபடுகிறார்கள், அல்லது ஒளிந்துகொள்கிறார்கள். அதன்பின் கூலிக்குப் போவதும் பிள்ளைகளைக் காப்பதும் ஆண்களை மறைத்துச் சோறு போடுவதும் பெண்கள் பாடு. மகன் இறந்துபோக, ஒளிந்திருந்த தகப்பனுக்குச் சேலை கட்டி முகம் பார்க்க அழைத்துவருகிறார்கள். இராமநாதபுரத்துச் சாதி மோதல்களின் வரலாறு, ஒடுக்கப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டதும் அதையொட்டிய முதுகுளத்தூர்க் கலவரமும் உட்பட, தலைவர்களும் கட்சிகளும் போலீசும் மோதிய ஆண்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்களில் சேரிகளை நடத்தியவர்கள் யார் என்று கேட்டால்தான் அதிகாரம் பற்றிய சித்திரம் முழுமை பெறும்.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடிப் பக்கம் வரை மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள் தொழில். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் பாசிகளைப் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகரும் கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன. பட்டியல் சாதியில் வரும் கடையர் உள்ளிட்ட பல சமூகங்களின் பெண்கள் இதில் இருப்பதால், தொழில் முழுவதையும் தலித் பெண்களின் தொழில் என்று சொல்வது சரியாகாது. எனினும் தலித் பெண்ணியம் எழுப்பிய கேள்விகள் இங்கே அப்படியே பொருந்துகின்றன.

பெண்ணைக் குடும்பத்துக்குள் வைத்த டர்கைமின் வேலைப்பிரிவினை இக்கரையில் ஒருநாளும் நின்றதில்லை. மார்க்ஸின் வகைப்பாடும் தடுமாறுகிறது. பாசி எடுப்பவள் கூலி வாங்கும் தொழிலாளி அல்லள். படகோ நிலமோ உடைய சிறு உடைமைக்காரியும் அல்லள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணமே அவள் சரக்கின் விலையைத் தீர்மானிக்கிறது. மீனவர் என்றதும் படகோடு நிற்கும் ஆணே நம் மனத்தில் தோன்றுவதால், கடலில் அவளுக்குள்ள உரிமையும் எளிதில் கண்ணில் படுவதில்லை. வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அதன்பின் வனத்துறைக்கு அவள் அத்துமீறி நுழைபவளானாள்.

அதற்குப் பெண்கள் கொடுத்த பதில் கவனத்துக்குரியது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது, உலோகக் கருவியால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குள் விதி வகுத்தார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்த முயற்சிக்காகத்தான். எந்தப் பாசி எத்தனை நாளில் மீண்டும் தழைக்கும் என்ற அறிவை இவர்கள் உடலால் கற்றார்கள். அனுபவமே பொருளை உரைக்கும் அளவுகோல் என்று காலின்ஸ் சொன்னது இத்தகைய அறிவைத்தான்.

விவாதங்கள்

தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று அரசியல் அறிஞர் கோபால் குரு 1995இல் எழுதினார். சமூகவியலாளர் ஷர்மிளா ரெகே 1998இல் அதே தலைப்பை எடுத்து, அந்த வேறுபாட்டை அடையாளமாக நிறுத்திவிடாமல் தலித் பெண்ணிய நிலைப்பாடாக வளர்க்க வேண்டும் என்றார். தலித் அல்லாதவர்களும் தங்களை மாற்றிக்கொண்டு அந்நிலைப்பாட்டிலிருந்து சிந்திக்க முடியும் என்பது அவர் கருத்து. அப்படிச் சிந்திப்பவர் பேசத் தொடங்கியதும் அனுபவித்தவளின் குரல் மீண்டும் அடங்கிவிடாதா என்ற ஐயம் இன்றும் தொடர்கிறது. இந்தியச் சமூக அறிவியலில் சிலர் கோட்பாடு எழுத, பலர் தகவல் தருபவராகவே நிறுத்தப்படுவதை குரு 2002இல் கடுமையாகச் சாடினார். கல்லூரிகளில் ‘கருக்கு’ பெரும்பாலும் இலக்கியத் துறையிலேயே பாடமாக இருக்கிறது. சமூகவியல் துறையிலும், வெபரின் இந்துமத நூலுக்கும் அம்பேத்கரின் 1916 கட்டுரைக்கும் அருகில், அதைக் கோட்பாட்டு நூலாகவே வைக்க வேண்டும்.