கனரக வாகனச் சக்கரங்களின் நீர்த்தூவலும் அதை அடக்கும் முறைகளும்

1. பொருளும் எல்லையும்

மழை பெய்து ஓய்ந்த நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும் கார் ஓட்டுநர், அதன் பின்சக்கரங்களுக்கு இணையாக வரும் சில வினாடிகள் முன்னால் எதையும் காண்பதில்லை. வைப்பரை வேகமாக ஓடவிட்டும் பயனில்லை. கண்ணாடியில் விழுந்த நீரை வைப்பர் வழித்துத் தள்ளும். கண்ணாடிக்கு அப்பால் காற்றில் மிதக்கும் நீரை அது தொட முடியாது. இவ்விரண்டாம் நீரே நம் ஆய்வுப் பொருள்.

சரக்கு லாரிகளையும் அவை இழுக்கும் டிரெய்லர்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கார், இருசக்கர வாகனம் ஆகியவற்றின் சக்கரங்களும் நீரை எறிகின்றன. ஆனால் எறியும் அளவிலும் உயரத்திலும் அவை வேறு வகையைச் சேர்ந்தவை. பனிக்குழம்பையும் இங்கே சேர்க்கவில்லை.

நாம் நிறுவ முயல்வது இது: சக்கரம் நீரை எறிவதைத் தடுக்க இயலாது. எறியப்பட்ட நீர் நுண்துளியாகச் சிதையுமுன் அதைப் பிடித்து, பெருந்துளியாகவோ ஒழுக்காகவோ தரைக்குத் திருப்புவது இயலும். தூவலடக்கும் கருவிகள் யாவற்றையும் இந்த ஓர் அளவுகோலால் மதிப்பிடலாம்.

2. வரையறைகள்

சாலையின் மேல் தங்கி நிற்கும் மெல்லிய நீரடுக்கை நீர்ப்படலம் என்கிறோம். படலத்திலிருந்து கிளம்பி, எறிந்த கல்லைப் போல வளைபாதையில் சென்று விழும் பெருந்துளிகளின் தொகுதி தெறிப்பு. காற்றோடு கலந்து, காற்று போகும் வழியில் போகும் நுண்துளிகளின் தொகுதி தூவல். துளியின் விட்டம் 1 மி.மீ.க்கு மேற்பட்டால் தெறிப்பு, 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் தூவல் என்பது இத்துறையில் வழங்கும் எல்லை. இடைப்பட்டவை சூழலுக்கேற்ப இரு பக்கமும் சாரும்.

தெறிப்பு எரிச்சலூட்டும், பார்வையை நீண்ட நேரம் மறைப்பது தூவலே. இதைக் கணக்கிட்டே காட்டலாம். ஒரு லிட்டர் நீரை 5 மி.மீ. துளிகளாக்கினால், அவை யாவும் சேர்ந்து மறைக்கக்கூடிய பரப்பு 0.3 சதுர மீட்டர். அதே ஒரு லிட்டரை 0.1 மி.மீ. துளிகளாக்கினால் 15 சதுர மீட்டர். நீரின் அளவு மாறவில்லை. ஒளியை மறிக்கும் பரப்பு ஐம்பது மடங்காகிவிட்டது. மிதக்கும் நேரமும் அவ்வாறே. அமைதியான காற்றில் 5 மி.மீ. துளி 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு வினாடிக்குள் தரையைத் தொடும். 0.1 மி.மீ. துளிக்கு ஏறத்தாழ 7 வினாடி தேவை. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரி அதற்குள் 175 மீட்டர் கடந்திருக்கும். அவ்வளவு நீளத்துக்கு அதன் பின்னே வெண்திரை தொங்குகிறது.

3. நீர் கிளம்பும் வழிகள்

அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக வெயர், ஸ்ட்ரேஞ்ச், ஹெஃப்லி ஆகிய மூவர் 1978இல் அளித்த ஆய்வு, டயர் நீரை எறியும் வழிகளை நான்காகப் பிரித்தது. பின்வந்த ஆய்வாளர் பெரும்பாலும் இப்பகுப்பையே பின்பற்றுகின்றனர், நாமும் பின்பற்றுகிறோம்.

முதலாவது முகப்பலை: டயர் தன் முன்னால் தள்ளும் நீர். இரண்டாவது பக்க அலை: டயரின் அடியில் நசுங்கி இரு பக்கமும் பீறிடும் நீர். இவ்விரண்டும் தாழ்வாகவும் பெருந்துளிகளாகவும் செல்வதால் பெரும்பாலும் தெறிப்பு வகை. ஆனால் பின் அச்சில் இரட்டை டயர் உள்ள இடத்தில் நிலைமை வேறு. அடுத்தடுத்த இரு டயர்களின் பக்க அலைகள் நடு இடைவெளியில் மோதி, மேல்நோக்கியும் பின்நோக்கியும் ஒரு தாரையாக எழுகின்றன. இரட்டை டயருக்குப் பதில் ஓர் அகன்ற ஒற்றை டயரை மாட்டினால் இத்தாரைக்கே இடமில்லை.

மூன்றாவது பள்ளக் கவர்வு. டயர் பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்கள் நீரை அள்ளிக்கொள்கின்றன. டயர் தரையை விட்டு எழுந்ததும் சுழற்சி அந்நீரைத் தொடுகோட்டுத் திசையில் வீசுகிறது. நான்காவது ஒட்டுப்படலம். பள்ளம் காலியான பின்னும் ரப்பரின் மேல் மெல்லிய ஈரம் ஒட்டிக்கொண்டு, சக்கரத்தின் உச்சி வரை ஏறிச் சென்று அங்கிருந்து பிரிகிறது.

அளவை நோக்குவோம். 295 மி.மீ. அகல டயர் ஒன்று, 1 மி.மீ. நீர்ப்படலத்தின் மேல், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் உருண்டால், வினாடிக்கு 7 லிட்டருக்கு மேல் நீரை எதிர்கொள்கிறது. முன் அச்சின் இரு டயர்களுக்கும் சேர்த்து, வினாடிதோறும் ஒரு வாளி நிறைய நீர். பின் அச்சுகள் முன் டயர்கள் ஓரளவு துடைத்துவிட்ட தடத்தில் ஓடுவதால் அவற்றுக்குக் கிடைக்கும் நீர் குறைவு. திரும்ப வேண்டியிருப்பதால் மூடி மறைக்க மிகக் கடினமான முன் அச்சே மிகுதியான நீரையும் சந்திக்கிறது. லாரியின் முகப்பில் மோதி இரு புறமும் விலகும் காற்று, அந்நீரைப் பக்கவாட்டில், அதாவது முந்தும் வாகனத்தின் பாதையில், கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஓர் ஐயத்தை இங்கேயே தீர்ப்பது நலம். பட்டன் தேய்ந்த மொட்டை டயர் பள்ளத்தில் நீர் அள்ளாதே, அது நல்லதன்றோ எனலாம். பள்ளக் கவர்வு குறைவது உண்மையே. ஆனால் வெளியேற வழியற்ற நீர் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும், பிடிமானம் போகும். பிறர் பார்வையைக் காக்கத் தன் பிரேக்கை இழப்பது எவ்வகையிலும் தீர்வாகாது.

4. துளிச்சிதைவு

நான்கு வழிகளிலும் கிளம்பும் நீர் தொடக்கத்தில் தூவலாக இருப்பதில்லை. தாரையாகவும் தகடாகவும் பெருந்துளியாகவும் கிளம்பும் அதைத் தூவலாக்கும் காரணங்கள் இரண்டு: காற்றோடு மோதுதல், திண்பரப்போடு மோதுதல்.

காற்றால் நேரும் சிதைவை வீபர் எண் கொண்டு அளக்கலாம். துளியைக் குலைக்க முயலும் காற்றழுத்தத்துக்கும், துளியைக் கட்டிவைக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதமே அவ்வெண். அது 12 அளவைத் தாண்டினால் துளி உடைகிறது. காற்றின் அடர்த்தியும் நீரின் பரப்பு இழுவிசையும் தெரிந்தவை. எனவே வேகம் தெரிந்தால், உடையாமல் தப்பும் துளியின் பேரளவும் தெரிந்துவிடும்.

அந்த வேகம் சக்கரத்தின் எல்லா இடத்திலும் ஒன்றன்று. உருளும் சக்கரத்தின் அடிப்புள்ளி தரையைப் பொறுத்தவரை அசைவதில்லை. பின்விளிம்பில், அச்சு மட்டத்தில் உள்ள புள்ளி, வண்டி வேகத்தைப்போல் 1.4 மடங்கில் செல்கிறது. உச்சிப்புள்ளி இரு மடங்கில் செல்கிறது. 90 கி.மீ. வேகத்தில் போகும் லாரியின் டயர் உச்சியிலிருந்து பிரியும் நீர், மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. சூழ்ந்த காற்று அசையாதது எனக் கொண்டால், தரையருகே பிரியும் துளி பெரிதாகவே இருக்கலாம். அச்சு மட்டத்தில் 0.6 மி.மீ.க்கு மேற்பட்டவை உடையும், உச்சியில் 0.3 மி.மீ.க்கு மேற்பட்டவையே தப்பா. சக்கரம் தன்னோடு காற்றையும் சுழற்றுவதால் உண்மையில் இவ்வெண்கள் சற்றுத் தளரும். வரிசை மாறாது: பிரியும் உயரம் கூடக்கூடத் துளி சிறுக்கும். ஒட்டுப்படலம் அளவில் சிறிதாயினும் பார்வைக்குப் பெருங்கேடாவது அது உச்சியில் பிரிவதால்தான்.

உடையவும் நேரம் வேண்டும். ஒரு மி.மீ. துளி அச்சு மட்டத்து வேகத்தில் உடைய ஏறத்தாழ 4 மில்லி வினாடி ஆகும். அதற்குள் 10 முதல் 20 செ.மீ. பறந்துவிடும். மட்கார்டை டயருக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்ற கேள்விக்கு இங்கேதான் பொருள் பிறக்கிறது. வெறும் வண்டியும் பாரவண்டியும் ஸ்பிரிங்கின் மேல் வெவ்வேறு உயரத்தில் நிற்பதால், மட்கார்டு செய்பவர் விட்டே ஆகவேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட இவ்வளவே.

இரண்டாம் காரணம் நம் கைவினையால் விளைவது. வண்டியிலிருந்து நோக்கினால் டயர் வீசும் நீர் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் எதிரே வழவழப்பான தகரமோ தட்டையான ரப்பர் ஃப்ளாப்போ தொங்கினால், மோதிய துளி நூறாகச் சிதறுகிறது. நம்மூர் லாரிகளின் பின்னால் பெயரும் பூவும் எழுதித் தொங்கவிடும் தட்டை ஃப்ளாப், பின்வரும் வண்டியின் கண்ணாடியைக் கல்லிலிருந்து காக்கும். தெறிப்பையும் தடுக்கும். தூவலைக் குறைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஓரளவு உண்டாக்கவும் செய்கிறது.

5. அடக்கும் முறைகள்

மூலத்திலேயே அடக்குவது நீர்ப்படலத்தை ஒழிப்பது. நுண்துளை அஸ்பால்ட் இவ்வகை. பருங்கற்களை மிகுத்து, நுண்கற்களைக் குறைத்துப் போடப்படும் இவ்வடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். மழைநீர் மேலே நிற்காமல் உள்ளிறங்கிப் பக்கவாட்டில் வடிகிறது. நெதர்லாந்து தன் விரைவுச்சாலைகளில் மிகப் பெரும்பகுதியை இவ்வகையில் அமைத்துள்ளது. ஓசை குறைவது அங்கே முதற்காரணம். தூவல் ஒழிவது உடன்விளைவு. கற்கள் உதிர்வதால் வழக்கமான அஸ்பால்ட்டைவிட இதன் ஆயுள் குறைவு. துளைகள் மண்ணால் அடைபடவும் செய்யும். விரைவாக ஓடும் டயர்களின் உறிஞ்சலே அவற்றை ஓரளவு தூர்வாருவதால், வண்டி ஓடாத ஓரப்பாதையே முதலில் அடைபடுகிறது.

டயரில் செய்யத்தக்கது குறைவு. பின்புறம் எஞ்சின் பொருத்திய விமானங்கள் சிலவற்றின் மூக்குச் சக்கர டயரில், பக்கச் சுவரோடு வார்த்த ஒரு விளிம்பு உண்டு. பக்க அலை எஞ்சினுள் புகாதபடி அது தாழ்வாகத் திருப்பிவிடும். நேர்த்தியான ஏற்பாடு, லாரிகளில் அது பரவவில்லை.

எஞ்சியது சக்கரத்தைச் சூழ்ந்த மூடகம். மேலே வளைந்த மட்கார்டு, வெளிப்பக்கம் தொங்கும் பக்கத்தட்டி, பின்னால் ஃப்ளாப் என இதற்கு உறுப்புகள் மூன்று. இவற்றின் உட்பரப்பில் அமையும் தூவலடக்கிகள் இருவகை.

ஆற்றல் உறிஞ்சி முதல்வகை. மான்சாண்டோ நிறுவனம் செயற்கைப் புல்தரை செய்த அனுபவத்திலிருந்து உருவாக்கிய பாலிஎத்திலீன் புல்விரிப்பு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. துளி ஒரே அடியில் நிற்பதில்லை. முதல் இதழை வளைத்து, இரண்டாவதில் உரசி, மூன்றாவதில் தேங்கி, வேர்ப்பக்கம் சேர்ந்து ஒழுகுகிறது. வேகம் தவணை தவணையாகக் கழிவதால் துளி உடையக் காரணமில்லை.

காற்று–நீர்ப் பிரிப்பி இரண்டாம்வகை. தூரிகை போன்ற விளிம்பாகவோ, வளைந்து வளைந்து செல்லும் இடைவெளிகளாகவோ அமைந்து, இது காற்றைப் போகவிட்டு நீரைப் பிடித்துவைக்கிறது. சக்கரம் காற்றையும் அள்ளிக்கொண்டு சுழல்வதால், முற்றும் மூடிய மூடகத்தில் அழுத்தம் கூடி, நீர்கலந்த காற்று கீழ்விளிம்பு வழியே பீறிடும். பிரிப்பி அவ்வழுத்தத்துக்கு வாசல் தருகிறது. ஆனால் நுண்துளி காற்றோடு வளைந்து தப்பவல்லது. ஆகவே பிரிப்பிக்கு முன்னே உறிஞ்சி இருக்கவேண்டும், பின்னே அன்று.

மூடகம் எவ்வளவு முழுமையோ அவ்வளவு தொல்லையும் உண்டு. பிரேக் டிரம்முக்குக் காற்று குறையும். தாழத் தொங்கும் ஃப்ளாப், ரிவர்ஸ் எடுக்கையில் மேடையில் சிக்கிக் கிழியும். கரடுமுரடான தடத்தில் ஓடவேண்டிய வண்டிகளுக்கு ஐரோப்பிய விதி விலக்களிப்பது இதனால்தான்.

6. அளவீடும் சட்டமும்

பிரிட்டன் முதலில் தரம் வகுத்தது. 1984இல் வந்த பிஎஸ் ஏயூ 200 என்ற தரநிர்ணயத்தை, 1986ஆம் ஆண்டின் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகள் கனரக வாகனங்களுக்குக் கட்டாயமாக்கின. ஐரோப்பியச் சமூகம் 91/226 எண் கொண்ட ஆணையால் 1991இல் அவ்வழியே வந்தது. அது 2011இல் 109/2011 விதியாக மறுவடிவம் பெற்றது. இவை கருவியை ஆய்வக மேடையில் சோதிக்கின்றன. உறிஞ்சியின் மாதிரித் துண்டின் மேல் நீரைப் பீய்ச்சி, அடியில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கின்றனர்; பீய்ச்சியதில் சராசரியாக 70 விழுக்காடாவது சேரவேண்டும். பிரிப்பிக்கு 85 விழுக்காடு. பின்னர் மூடகத்தின் வடிவளவுகள் தனியே விதிக்கப்படுகின்றன. காட்டாக, ஃப்ளாப்பின் கீழ்விளிம்பு பொதுவாகத் தரையிலிருந்து 200 மி.மீ.க்கு மேல் உயரலாகாது.

அமெரிக்கா வேறு வழி சென்றது. இரட்டை டிரெய்லர்களையும் அகன்ற வண்டிகளையும் கூட்டரசுச் சாலைகளில் அனுமதித்த 1982ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமே, தன் 414ஆம் பிரிவில் தூவலடக்கத் தரம் வகுக்கவும் பணித்தது. பெரிய வண்டியை விட்டவர்கள் அதன் தூவலுக்கும் பொறுப்பேற்றனர் எனலாம். ஆனால் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கேட்டது மேடைச் சோதனையை அன்று. ஓடும் லாரியின் அருகே பிற ஓட்டுநரின் பார்வை தெளிவாகத் துலங்குகிறதா என்பதை. லேசர்க் கற்றையைத் தூவலினூடே செலுத்தி, மறுபுறம் சேரும் ஒளியை அளந்த சோதனைகளில், அதே கருவி ஒருநாள் பயன்தந்தது, மறுநாள் தரவில்லை. பக்கக்காற்று மேகத்தை ஒருபுறம் ஒதுக்கியது. லாரியின் வடிவமும் படலத்தின் ஆழமும் விடையை மாற்றின. சீராகவும் குறிப்பிடத்தக்க அளவிலும் பார்வையை மேம்படுத்தும் கருவி மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1988இல் அந்நிர்வாகம் விதியாக்க முயற்சியையே கைவிட்டது.

இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது நம் கருத்து. ஐரோப்பா கேட்டது, இப்பொருள் நீரைப் பிடிக்கிறதா என்று. அமெரிக்கா கேட்டது, பிடித்தபின் எஞ்சிய நீர் பார்வையை எவ்வளவு மறைக்கிறது என்று. மறைப்பு நீரின் அளவைவிடத் துளியின் விட்டத்தைச் சார்ந்திருப்பதை இரண்டாம் பிரிவில் கண்டோம். பிடிபட்ட 70 விழுக்காடு பெருந்துளியாகவும், தப்பிய 30 விழுக்காடு நுண்துளியாகவும் இருப்பின், தேர்ச்சிபெற்ற கருவியும் சாலையில் ஏமாற்றும். ஆகவே சேர்ந்த நீரை எடைபோடும் சோதனையோடு, தப்பிய துளிகளின் விட்டப் பரவலையும் அளப்பது முறை.

மேடையில் ஏறுவது புதுத் துண்டு என்பதும் கருதத்தக்கது. சாலையில் ஒரு பருவம் ஓடிய புல்விரிப்பின் இதழ்களுக்கிடையே சேறும் டயர்த் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகி, அது மெல்ல மெல்லத் தட்டைப் பரப்பாகிவிடுகிறது. தட்டைப் பரப்பு செய்வதென்ன என்பதை நான்காம் பிரிவில் கூறினோம். வண்டி கழுவுமிடத்தில் வெளிப்புறத்தைத் தேய்ப்பவர்கள் மட்கார்டின் உட்புறத்துக்குக் குழாயைத் திருப்புவது அரிது. ஃபிட்னெஸ் பரிசோதனையிலும் ஃப்ளாப் தொங்குகிறதா என்று பார்ப்பது எளிது, அதன் இதழ்கள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்கக் குனிந்து கையை உள்ளே விட வேண்டும்.