மலை கண்ட கண்ணகி

மாத்தளையில் படித்தவர்களுக்கு ரிவர்ஸ்டன் என்றதும் நினைவுக்கு வருவது பாடசாலைச் சுற்றுலாதான். இரத்தோட்டையைத் தாண்டித் தேயிலையும் ஏலமும் மாறி மாறி வரும் வளைவுகளில் பேருந்து மூச்சிரைக்க ஏறும். உச்சியை அண்டும்போது குடையைப் பிடித்தால் குடையோடு நம்மையும் தூக்கும் காற்று. ஒரு கணம் தெரியும் கோபுரம் மறுகணம் பனிமூட்டத்துக்குள் மறைந்துவிடும். ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட இம்மலைத்தொடரைச் சிங்கள மக்கள் தும்பர மலை என்பர். 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்காக நாம் எழுத முற்பட்டது இம்மலையின் வரலாறன்று. மலையடிவாரத்து வகுப்பறையில் நாம் படித்த ஒரு பழைய நூலை, மலையை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. அந்நூல் சிலப்பதிகாரம்.

"கண்ணகியின் பாத்திரப் படைப்பினை ஆராய்க." இவ்வினாவுக்கு விடை எழுதாத தமிழ் மாணவி எம்மில் அரிது. விடையும் ஏறத்தாழ ஒன்றே. கற்பு, பொறுமை, அடக்கம், கணவனைப் பேணல் என்று உபதலைப்புகள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேற்கோள் காட்டி, இறுதியில் 'சீற்றம்' என்று ஒரு பந்தி எழுதி முடிப்போம். புள்ளிகளும் கிடைத்தன. ஆயினும் நூலைத் திரும்பப் புரட்டும்போது, அந்த ஒழுங்கு நூலின் ஒழுங்கன்று என்பது புலப்படுகிறது. பொறுமையாய் இருந்தவள் திடீரெனச் சீறினாள் என்று இளங்கோ எழுதவில்லை.

புகார்க் காண்டத்தின் 10 காதைகளிலும் கண்ணகி பேசுவது மிகச் சில இடங்களிலேயே. தோழி தேவந்தி, இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமவேளின் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்கிறாள். கண்ணகி அது பெருமையன்று என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கணவன் வரவேண்டும் என்ற ஏக்கம் உண்டு. அதற்காகத் தன் மதிப்பைத் தாழ்த்திக்கொள்ள மனமில்லை. சற்று நேரத்தில் கோவலன் வந்து, குலம் தந்த செல்வத்தைத் தொலைத்த வெட்கத்தைச் சொல்லும்போது அவள் குறை கூறவில்லை, அழவில்லை. சிலம்பு இருக்கிறது என்கிறாள். இந்த இரு இடங்களிலும் தெரிவது வெறும் அடக்கமன்று, தெளிவு. மதுரையில் அரசன் முன் நிற்பவளும் இதே பெண்தான். மாறியது அவள் குணமன்று, அவள் பேசவேண்டியிருந்த இடம்.

வழக்குரை காதையை ஒரு முறைப்பாடு போல வாசித்துப் பாருங்கள். அரசன் நீ யார் என்று கேட்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள். அவ்வூரின் நீதிமரபைச் சொல்கிறாள். கணவனின் குலத்தையும் பெயரையும், அவன் மதுரைக்கு வந்த காரணத்தையும், கொலையுண்டதையும் சொல்கிறாள். கடைசியில்தான் தன் பெயரைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் விடை தருகிறான். உடனே சான்று முன்வைக்கப்படுகிறது. அவள் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசியின் சிலம்பின் பரல் முத்து. உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி, விசாரியாமல் ஓர் உயிரைப் பறித்த சபையில், முறையாக விசாரணை நடத்தியவள் குற்றஞ்சாட்டப்பட்டவனின் மனைவிதான்.

மலையகப் பிள்ளைகளாகிய எமக்கு இக்காதை வேறொரு நினைவையும் கொண்டுவருகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949இல் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எம்முடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் தாம் இந்நாட்டில் வாழ்ந்தவர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு தொடர்ந்து வதிந்ததற்குச் சான்று காட்டவேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்து, பெரட்டுக்குப் போய், கொழுந்து கிள்ளி, அதே தோட்டத்து மண்ணில் அடங்கியவர்களிடம் கடதாசி எங்கே இருக்கும்? 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை மிகுதிப் பேரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அதனால் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். சான்று கையில் இருந்தும் அதைக் கேட்க ஒரு சபை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பது எமது மக்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்ததன்று. கண்ணகியின் கையில் எஞ்சியிருந்த மற்றச் சிலம்பு அவளிடம் இருந்த ஒரேயோர் ஆவணம். பாத்திர ஆய்வில் இதை எழுத எமக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்துக் கருப்பொருள். அரசியலில் தவறியோர்க்கு அறமே கூற்றாகும், கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தவறாது வந்து சேரும் என்று மூன்று உண்மைகளைப் பதிகம் கூறுகிறது. அவற்றை மனனம் செய்தோம். ஆனால் இதே கதை வேறு நாவுகளில் வேறு கருப்பொருளை ஏற்றிருக்கிறது என்பதற்கு எமது மாவட்டமே சாட்சி.

இரத்தோட்டைப் பக்கம் கம்மடுவ என்று ஓர் ஊர் உண்டு. அதே சொல் சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்கு எடுக்கும் ஒரு பெருஞ் சடங்கின் பெயருமாகும். அச்சடங்கில் மாங்கனியை அம்பெய்து வீழ்த்தும் காட்சி நடிக்கப்படும். நெற்றிக்கண்ணுடைய பாண்டியனின் சோலையில் மாங்கனியாகத் தோன்றினாள் பத்தினி. சக்கரன் எய்த கனியின் சாறு பட்டுப் பாண்டியனின் கண் அழிந்தது என்பது கதை. கோவலன் அங்கே பாலங்க. கொலையுண்ட அவனைப் பத்தினி உயிர்ப்பிக்கிறாள். இளங்கோவின் நூலில் நீதி கிடைக்கிறது, கணவன் மீள்வதில்லை. கம்மடுவச் சடங்கில் கணவனே எழுந்து வருகிறான். முன்னது அரசனைப் பார்த்துப் பேசும் கதை. பின்னது நோயும் வரட்சியும் கண்ட ஊரைப் பார்த்துப் பேசும் கதை. இச்சடங்குகளைப் பற்றிப் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

கிழக்கிலங்கையில் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்வர். கொதித்தவளைக் குளிரச்செய்வதே அங்கு கருப்பொருள். அங்குள்ள கொம்பு விளையாட்டும் சிங்களக் கிராமங்களின் அங்கெலியவும் உடன்பிறந்த விளையாட்டுகள். எமது தோட்டங்களிலோ அம்மை போட்டால் மாரியம்மனுக்கு வேப்பிலை செருகுவோம். அடுத்த கிராமத்தில் அதே நோய்க்குப் பத்தினியை வேண்டுவர். மாசியில் காமன் கூத்தாடும்போது எரிந்த கணவனுக்காக ரதி புலம்புவாள்; லயத்துப் பெண்களெல்லாம் அவளோடு அழுவர். காமனைத் தொழ மறுத்த கண்ணகியும், காமனுக்காக அழும் ரதியும் கணவனின் உயிர்க்கு நியாயம் கேட்டவர்களே. பாடத்தில் ஒருத்தியையும் லயத்தில் மற்றவளையும் கண்டோம். இருவரையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கவில்லை.

இத்தொடர்புகளுக்கு நூலிலேயே அடிப்படை உண்டு. செங்குட்டுவன் பத்தினிக்குக் கல் நாட்டிய விழாவில் இலங்கைக் கயவாகு இருந்ததாக வரந்தரு காதை கூறுகிறது. அவன் தன் நாட்டில் ஆடித் திங்களில் விழா எடுத்தான், மழை பெய்து நாடு செழித்தது என்கிறது உரைபெறு கட்டுரை. பத்தினியின் சிலம்புகளைக் கயவாகு கொணர்ந்தான் என்பது சிங்கள நூலான ராஜாவலியவின் மரபு. அதே ஆடியாகிய எசல மாதத்திலேதான் கண்டிப் பெரஹராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் செல்கிறது. சிறுவயதில் தோளில் ஏறி அதைப் பார்த்த எம்மில் எத்தனை பேர், இது நாம் படிக்கப்போகும் கண்ணகி என்று அறிந்திருந்தோம்!

இனி நடை. 30 காதைகளும் ஒரே நடையில் அமைந்தவையல்ல. ஆசிரியப்பாவில் செல்லும் கதைக்கு நடுவே கடற்கரையில் கானல்வரி, பாலையில் வேட்டுவ வரி, முல்லையில் ஆய்ச்சியர் குரவை, மலையில் குன்றக்குரவை என்று அந்தந்த நிலத்து மக்களின் பாட்டுகள் வருகின்றன. அந்த இசைச் செல்வத்தின் ஆழத்தைக் காட்டியவர் எம்மவரான சுவாமி விபுலாநந்தர். கண்ணகை அம்மன் கோயில் கொண்ட காரைதீவில் பிறந்த அவர், அரங்கேற்று காதையின் யாழ்ப் பகுதியை விளக்கப் புகுந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். அதற்கு முன்னரே 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்தவரும் அவரே.

உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த இந்நூலுக்கு அடியார்க்குநல்லார் எழுதிய விரிவான உரை, வழக்குரை காதை முதல் கிடைக்கவில்லை. கண்ணகி சபையில் வாய்திறக்கும் இடத்தில் அவ்விரிவுரையின் துணை எமக்கு இல்லை. அங்கே நாமே வாசித்து நாமே பொருள் சொல்லவேண்டும். நாமோ வழிகாட்டி நூல்களைத் தேடினோம்.

நடையைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றும் கூறவேண்டும். மூன்று காண்டங்களுக்கும் மூன்று தலைநகரங்களின் பெயர். ஆயினும் இக்கதையை முதலில் கண்டு சொன்னவர்கள் நகரத்தவர்கள் அல்லர். ஒரு முலை இழந்து வேங்கை நிழலில் நின்ற பெண் விண்ணேறியதைக் கண்டவர்கள் குன்றக் குறவர்கள். அவர்கள் வந்து சொன்னபின்தான் சாத்தனார் கதை சொல்ல, இளங்கோ நூல் செய்தார் என்கிறது பதிகம். அரசனிடமும் அவர்களே சென்று சொன்னார்கள். அவர்கள் சொல்லை யாரும் சான்று கேட்டுத் தள்ளவில்லை. ஒரு காப்பியம் மலைவாழ் மக்களின் சாட்சியத்தில் தொடங்குகிறது. மலைநாட்டுப் பள்ளியில் படித்த எமக்கு இதைவிட நெருக்கமான செய்தி அந்நூலில் இல்லை. அதுவே எமது விடைத்தாள்களில் இடம்பெறாத செய்தி.

எமக்குக் கற்பித்த ஆசிரியைகளைக் குறைகூற இதை எழுதவில்லை. அறுபது பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் வைத்து, பரீட்சைக்கு முன் பாடத்திட்டத்தை முடிக்க அவர்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். பாத்திரம், கருப்பொருள், நடை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தவர்களும் அவர்களே. அக்கருவி இல்லாவிட்டால் இன்று இவ்வாறு திரும்பிப் பார்க்கவும் இயலாது.

கனடாவிலும் இலண்டனிலும் சென்னையிலும் நீலகிரித் தோட்டங்களிலும் இருந்து இம்மலரைப் படிக்கும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ அம்மாயியோ பாடிய ரதி புலம்பல், மாரியம்மன் தாலாட்டு, அயல் கிராமத்துக் கம்மடுவச் சடங்கைப் பார்த்த நினைவு, எது இருந்தாலும் எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். பாடிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை ரிவர்ஸ்டனுக்குப் போகும் வகுப்புப் பிள்ளைகள் கையில் சிலப்பதிகாரத்தோடு அந்தப் பாட்டுகளும் இருக்கட்டும். "கண்ணகியின் பாத்திரப் படைப்பினை ஆராய்க" என்ற வினாவுக்கு அவர்கள் எம்மைவிட நல்ல விடை எழுதுவார்கள்.