துப்பறியும் நாவல்களும் திரைப்படமும்: நடிகர் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

தமிழ் நாவல் வரலாறு எழுதப் புகுந்தோர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய இருவரையும் ஓரிரு தொடர்களில் கூறிக் கடந்து செல்வது வழக்கம். பொழுதுபோக்கு நூல்கள் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் அந்நூல்கள் நாடக மேடைக்கும், பின்னர்த் திரைக்கும் சென்றபோது அடைந்த மாற்றங்கள் தமிழ் மக்களின் கதைகேட்கும் மரபை அறிதற்கு நல்ல சான்றுகளாகும். அவற்றுள் நடிகர் தேர்வு ஒன்றனை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

1. முன்னரே அறிந்த கொலை

நாஞ்சில் நாட்டு வயலூர்கள் முதல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை வரை வில்லுப்பாட்டு வழங்கும் நிலப்பகுதியில் கொலைக்கதை புதிதன்று. கொலையுண்டோர் தெய்வமாகிக் கொடை பெறும் கதைகளே அங்குப் பலவாகும். கொலையுண்ட பெண் மீண்டும் தோன்றிப் பழிதீர்க்கும் நீலி கதை யாவரும் அறிந்தது. இக்கதைகளில் கொன்றவன் யார் என்பது மறைபொருளன்று. பாட்டுத் தொடங்குமுன்பே கேட்போர் அதனை அறிவர். பழி எவ்வாறு தீரும் என்பதே அவர் நெஞ்சில் நிற்பது. துப்பறியும் நாவலோ இம்முறையைத் தலைகீழாக்குகிறது. அது குற்றவாளியை இறுதிவரை மறைக்கிறது. மறைத்தற்கு எழுத்தாளனிடம் உள்ள கருவி சொல் ஒன்றே. ஏட்டில் பெயர் மட்டும் உண்டு; முகம் இல்லை. திரையில் முகம் வந்துவிடுகிறது. அம்முகம் அறிமுகமானதாயின், அந்நடிகர் முன்பு ஏற்ற வேடங்களின் நினைவும் உடன் வருகிறது.

2. மேடை தந்த நடிகர்கள்

நாவல்கள் பல திரையை நேரே சென்றடையவில்லை. நாடகக் குழுக்களின் வழியே சென்றன. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கிச் சிறுவர் குழுக்களுக்குப் பயிற்றினார். டி. கே. எஸ். சகோதரர்களின் குழு வடுவூராரின் ‘மேனகா’வை மேடையேற்றியது. அந்நாடகமே 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, அக்குழுவில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் அப்படத்தில் நடித்தார். 1936-இல் வெளிவந்த ‘சந்திரகாந்தா’வில் காளி என். ரத்தினமும் பி. யு. சின்னப்பாவும் தோன்றினர்; இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பயிற்சி பெற்றோர். எனவே, தொடக்ககாலப் படங்களின் நடிகர் தேர்வில் நாடகக் குழுவின் பயிற்சியே பெரும்பங்கு வகித்தது என்க.

3. 1950-ஆம் ஆண்டின் மாற்றம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1950-இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ இவ்வாய்வில் முதன்மையானது. ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் வடுவூராரின் நாவலே அதன் மூலம். தலைமைப் பாத்திரத்திற்கு முதலில் காளி என். ரத்தினமே அமர்த்தப்பெற்றார். படப்பிடிப்பு ஓரளவு நடந்தபின் அவர் நீக்கப்பட்டு, எம். என். நம்பியார் அமர்த்தப்பெற்றார். ரத்தினம் அந்நாளில் நகைச்சுவைக்குப் பெயர்பெற்றவர். அவர் முகம் கண்ட அளவிலே அவையோர் நகைக்க முற்படுவர். நம்பியாருக்கோ அத்தகைய நிலைத்த முத்திரை அன்று இல்லை. நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவில் பயின்ற அவர் பத்துக்கு மேற்பட்ட மாறுவேடங்களை அப்படத்தில் தாங்கினார். வேடங்களுள் தன்னை மறைக்கும் துப்பறிவாளனுக்கு, மக்கள் மனத்தில் இன்னும் உறுதிப்படாத முகமே பொருந்தும் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்த ஆண்டு, 1951-இல், ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ மீண்டும் படமாக்கப்பட்டபோது, ஆர். எஸ். மனோகர் முதன்முதலாக நாயகனாக நடித்தார். பின்னாளில் நம்பியாரும் மனோகரும் கொடியவர் வேடங்களுக்கே பெயர்பெற்றனர். இன்று இப்படங்களைக் காணும் மாணவன் துப்பறிவாளனையும் நாயகனையுமே ஐயுறக்கூடும். அவ்வையம் 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் அவையோர்க்கு உரியதன்று.

4. பிறநாட்டு ஒப்பீடு

அகதா கிறிஸ்டியின் 1934-ஆம் ஆண்டு நாவலான ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ 1974-இல் சிட்னி லூமெட்டால் படமாக்கப்பட்டது. புகழ்மிக்க நடிகர் ஒருவர் மட்டும் சிறு வேடத்தில் வரின், ஐயம் அவர்மேற் செல்லும். இப்படத்திலோ வண்டியில் உள்ளார் பலரும் புகழ்மிக்கோர். ஆகவே புகழே திரையாகி உண்மையை மறைக்கிறது. கிறிஸ்டியின் 1939-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி எஸ். பாலசந்தர் 1970-இல் வெளியிட்ட ‘நடு இரவில்’ வேறு வழி கண்டது. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி முதலிய குணசித்திர நடிகர்களை ஒருங்கே நிறுத்தியது. நாயகன் தப்புவான் என்னும் உறுதியை அவையோர் அங்குப் பெற இயலாது.

முடிபு

மறைபொருட் கதையைத் திரைக்கு ஆக்குவோன் செய்யும் முதல் உரைவிளக்கம் நடிகரைத் தேர்தலே. அவ்வுரையை அறிய விரும்புவோர் நடிகரின் பிற்காலப் புகழை ஒதுக்கி, படம் வெளிவந்த ஆண்டில் அவையோர் நினைவில் நின்றதையே நோக்கல் வேண்டும். கால ஆராய்ச்சியின்றிப் பழம்பாட்டுக்கு உரைகாண முயல்வார் அடையும் இடர்ப்பாடு இங்கும் உண்டு. நாவல் ஏடுகளோடு, நாடகக் குழுக்களின் விளம்பரத் தாள்களையும் படப் பாட்டுப் புத்தகங்களையும் நம் நூலகங்கள் தொகுத்துக் காத்தல் இன்றியமையாதது. அவை அழியின், அவையோரின் நினைவை மீட்டறியும் வழியும் அடைபடும்.