துளைச்சுருள் முதல் மிடிக் கோப்பு வரை: துணையிசையும் பதிப்புரிமையும்

முன்னுரை

திருமண மண்டபங்களிலும் விடுதிகளிலும் தனியொரு கலைஞர் விசைப்பலகையை வாசிக்க, தாளக் கருவிகளும் கம்பிக் கருவிகளும் உடன் ஒலிக்கக் கேட்கின்றோம். 'மிடி' எனப்படும் மின்னிலக்கக் கோப்புகள் இத்துணையிசையை வழங்கும் வழிகளுள் ஒன்று. அக்கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகளே உள்ளன. ஒலியற்ற ஒன்று பாடலின் படியாகுமா என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது. அதன் வரலாற்றை இக்கட்டுரையில் நாம் சுருக்கமாக நோக்குவோம்.

துளைச்சுருள் வழக்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய தானியங்கிப் பியானோக்களைத் துளையிட்ட காகிதச் சுருள்கள் இயக்கின. இச்சுருள் இசைத்தாளின் படியன்று என இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1899இலும் 1900இலும் தீர்ப்பளித்தன. 1908இல் ஒயிட்-ஸ்மித் எதிர் அப்போலோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவ்வாறே முடிவு செய்தது. மனிதர் படித்தறிய இயலாதது படியாகாது என்பதே அதன் கருத்து. தீர்ப்புக்கு உடன்பட்ட நீதிபதி ஹோம்ஸ், சட்டம் குறுகியதாயின் அதனைத் திருத்துதல் தகும் என்று கருதியமை ஈண்டு நோக்கத்தக்கது.

மறு ஆண்டே சட்டம் திருந்தியது. எனினும் பதிப்பாளர் பலர் ஏயோலியன் என்னும் ஒரே சுருள் நிறுவனத்துடன் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தமையால் முற்றுரிமை அச்சம் எழுந்தது. எனவே, பாடலாசிரியர் ஒருவருக்கு இசைவளித்த பின்னர், சுருளொன்றுக்கு 2 சென்ட் செலுத்தி எவரும் அப்பாடலை ஆக்கலாம் என 1909ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. சிங்கப்பூரில் 1987இல் புதுச்சட்டம் வரும்வரை அதுவே நடப்பில் இருந்தது.

மிடிக் கோப்பின் வரவு

1983இல் அறிமுகமான மிடி முறை, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தது. 1991இல் வந்த பொது மிடி வரையறை 128 ஒலிகளுக்கு நிலையான எண்களை வகுத்தது. ஒரு கருவிக்கென எழுதிய கோப்பு மற்றொன்றிலும் ஏறத்தாழ ஒத்தொலித்தமையால் கோப்பு வணிகம் தழைத்தது. கோப்பின் அளவு மிகச் சிறிதாதலால் படியெடுத்தலும் எளிதாயிற்று. 1993இல் கம்பியூசர்வ் நிறுவனத்தின் கணினிச் சேவையில் 'அன்செயின்ட் மெலடி' பாடலின் மிடிக் கோப்புப் பகிரப்பட்டது குறித்துப் பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1995இல் அது சமரசத்தில் முடிந்தது.

உரிமையின் கூறுகள்

இங்கு மூன்று உரிமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். மிடிக் கோப்பு மூல ஒலிப்பதிவைப் படியெடுப்பதில்லை; ஆதலின் ஒலிப்பதிவு உரிமையாளரை அது தீண்டாது. மெட்டும் இசையமைப்பும் படியெடுக்கப்படுதலால் இசையமைப்பாளரின் இசைவு தேவையாகிறது. மண்டபம் செலுத்தும் பொது நிகழ்த்துரிமைக் கட்டணமோ மேடையில் இசைப்பதற்கு மட்டுமே உரியது. கோப்பைப் படியெடுக்க அது உரிமம் ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாத கலைஞர், கட்டணம் செலுத்தப்பட்டிருப்பதாலேயே தம்மிடமுள்ள கோப்பும் முறையானது எனக் கருதிவிடக்கூடும். மூலப் பதிவிலிருந்து குரலை நீக்கி எடுத்த ஒலிக்கோப்பாயின் ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

முடிவுரை

1909ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் பாடலாசிரியர் மறுக்கும் உரிமையை இழந்தார். ஆயினும் அதுவரை கிட்டாதிருந்த ஊதியத்தைப் பெற்றார். சுருள் செய்தவரோ அச்சமின்றித் தொழில் நடத்தினார். எளிதில் பெறத்தக்க உரிமமும் தாங்கத்தக்க கட்டணமும் அமையுமாயின், இசையமைப்பாளரின் உரிமையும் மேடைக் கலைஞரின் பிழைப்பும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுவதில்லை என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவாகும்.