ஐந்து கேள்விகள் போதுமா?

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் விரதம் இருப்பது யாருக்கும் வியப்பளிப்பதில்லை. பாவை நோன்பைப் பாடிய ஆண்டாளின் ஊர் அது. அங்குள்ள பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், மேல்நிலை வகுப்பு மாணவி ஒருவர் மார்கழி முழுவதும் ஒருவேளை மட்டுமே உண்டார். அவரது மன உறுதியை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நான் பாராட்டினேன்.

தை பிறந்தது, விரதம் முடியவில்லை. மாசியில் ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர் மயங்கி விழுந்தபோதுதான், அது விரதமல்ல என்பது எங்களுக்கு உறைத்தது. என்ன நோய் என்பது அப்போதும் தெரியவில்லை. வயிற்று மருத்துவர், சத்து மருந்து, மந்திரிப்பு என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகே அக்குடும்பம் மதுரையில் ஒரு மனநல மருத்துவரைச் சென்றடைந்தது. மாணவி பிழைத்துக்கொண்டார். என் பாராட்டு மட்டும் இன்றும் என்னை உறுத்துகிறது.

உண்ணுதல் கோளாறுகள் என்பவை பிடிவாதமோ அழகு மோகமோ அல்ல, மனநோய்கள். உடல் மெலிந்த பிறகும் உண்ண மறுப்பது அனோரெக்சியா நெர்வோசா. கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளால் அதை ஈடுகட்ட முயல்வது புலிமியா நெர்வோசா. பின்னதை ஒரு தனி நோயாக 1979-இல் விவரித்தவர் பிரிட்டன் மருத்துவர் ஜெரால்டு ரசல். மாதவிடாய் நின்றுபோவதும், இதயத் துடிப்பு தளர்வதும், தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயமே நின்றுபோவதும் இவற்றின் விளைவுகள். மனநோய்களுள் அதிக உயிரிழப்பை ஏற்படுத்துபவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. ஆண்களையும் இந்நோய்கள் விட்டுவைப்பதில்லை.

இவற்றை முன்கூட்டியே இனங்காண உதவும் வினாப்பட்டியல்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. 1982-இல் வெளியான 'ஈட்-26' இருபத்தாறு கேள்விகள் கொண்டது. 1999-இல் பிரிட்டனில் உருவான 'ஸ்காஃப்' ஐந்தே கேள்விகள் கொண்டது: வலிந்து வாந்தி எடுத்தல், உண்பதில் கட்டுப்பாடு இழத்தல், மூன்று மாதங்களில் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைதல், மெலிந்திருந்தும் பருமன் என நம்புதல், உணவைப் பற்றிய நினைவே வாழ்வை ஆளுதல். இரண்டுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரை அணுக வேண்டும். இது எச்சரிக்கை மட்டுமே. நோய் இதுதான் என்னும் முடிவல்ல.

ஆனால், வேறொரு மண்ணில் பிறந்த கேள்விகள் நம் மண்ணுக்கு அப்படியே பொருந்துவதில்லை. வட இந்திய நகரம் ஒன்றில் பள்ளி மாணவிகளிடம் 'ஈட்-26' இந்தியில் கேட்கப்பட்டது. 1989-இல் வெளியான அந்த ஆய்வில், விரதப் பழக்கமும் கேள்விகளை மாணவிகள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டதும் மதிப்பெண்ணை உயர்த்தியிருந்தது தெரியவந்தது. இதற்கு மாறாக, 1995-இல் தில்லி மருத்துவர்கள் விவரித்த இளம்பெண்கள் உண்ண மறுத்து மெலிந்தவர்கள். எனினும், தாங்கள் பருமனாக இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. ஆக, நோயில்லாதவரைப் பட்டியல் பிடித்துக்கொள்ளக்கூடும். நோயுற்றவரை விட்டுவிடவும் கூடும். சென்னையில் மருத்துவ மாணவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள், நம் சூழலுக்கேற்ற தனி வினாப்பட்டியலை 1998-லேயே முன்வைத்தனர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண் 'எடை கூடிவிடும்' என்று சொல்வதைவிட, 'சோறு இறங்கவில்லை' என்று சொல்வதே இயல்பு. எடை பார்க்கும் கருவியே இல்லாத வீட்டில் ஆறு கிலோ குறைந்ததை எவர் அறிவார்?

கேள்விகளைத் திருத்திவிடலாம். அதற்குப் பிறகு என்ன என்பதே பெரிய கேள்வி. அமெரிக்காவில் இத்தகைய இணையவழிப் பரிசோதனையை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேற்கொண்டனர். நோய்க்கான அறிகுறிகள் தென்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை சிகிச்சையே பெறாதவர்கள். அங்கேயே அந்நிலை என்றால், ராஜபாளையத்தின் நூற்பாலை ஒன்றில் முறைப்பணி பார்க்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சிகிச்சைக்கு மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோர் வேண்டும். குடும்பமும் உடன் வர வேண்டும். மிகவும் மெலிந்தவருக்கு திடீரென நிறைய உணவு கொடுப்பதே ஆபத்தாகும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பும் தேவைப்படும். மாதக்கணக்கில் நீளும் இச்சிகிச்சைக்காக ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்குச் சென்றுவரும் ஒவ்வொரு முறையும் இருவரின் ஒருநாள் கூலி போகும்.

வழியே இல்லாமல் இல்லை. அரசு மருத்துவ அமைப்புகளில் மனநல சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. 2022 முதல் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அதே ஆண்டில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. இவற்றை வினாப்பட்டியலுடன் இணைப்பதே இப்போது செய்ய வேண்டியது. முடிவைக் காட்டும் திரையிலேயே, எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை யாரைப் பார்ப்பது என்ற தகவல் தமிழில் இருக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் ஒருநாளேனும் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆலை விடுதிக் காப்பாளர்களுக்கும் அறிகுறிகளை இனங்காணப் பயிற்சி தர வேண்டும்.

'சாப்பிட்டாயாம்மா?' என்று கேட்பது நம் ஊர்களின் வழக்கம். அந்த மாணவியிடம் அதை நானும் கேட்டதுண்டு. 'விரதம் சார்' என்ற பதிலில் நிறைவும் அடைந்ததுண்டு. 'சாப்பிட முடிகிறதா?' என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால், அந்தக் குடும்பம் அத்தனை மாதங்கள் அலைந்திருக்காது.