மாப்பிள்ளை கேட்கும் மனைகள்

காதலை முதலில் மொழிதற்குரியார் ஆடவரோ மகளிரோ என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. மடலேறுதல் ஆடவர்க்கன்றி மகளிர்க்குப் பொருந்தாது என்று தொல்காப்பியம் வரையறை செய்தது. ஆயின், தனியொருவர் உள்ளத்தை விடுத்து, மணத்தைப் பேசத் தொடங்குங் குடும்பம் எது என வினவின், ஈழத்தின் கீழைக்கரை தனக்கென ஒரு விடை தருகின்றது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களிடையே, பெண்ணைப் பெற்றோரே மாப்பிள்ளை கேட்டுச் செல்லுதல் நெடுநாள் வழக்காகும். இவ்வூர்களைக் கொண்ட அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேதான் மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்டது. வழக்கோ அதனினும் பன்மடங்கு பழையது.

இதற்குக் காரணம் யாது? இக்கரையில் இந்துக்களும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி எண்ணுவர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினுள் மணங் கொள்ளார். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிகளின் சார்பில் மரைக்காயர் இடம்பெற்றனர். 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் தெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வமைப்பைத் தமது 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

மணமுடிந்த மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வான். அவ்வீடு அவளுக்குச் சீதனமாக அளிக்கப்படும். பெற்றோர் மூத்த மகளுக்குத் தம் வீட்டை ஈந்து, ஏனைய மக்களுடன் அருகிற் புதிய வீடொன்று அமைத்துச் செல்வதுமுண்டு. ஆகவே, மனைக்கு வருபவனை மனைக்குரியோர் அழைக்கின்றனர். பெண் கணவன் வீடு புகும் நாடுகளிற் பெண் கேட்டலும், ஆண் மனைவி வீடு புகும் இக்கரையில் மாப்பிள்ளை கேட்டலும் ஒரே நியதியின் இரு பக்கங்களாம்.

சமயமும் இதற்கு மாறானதன்று. கி.பி. 595ஐ ஒட்டி, கதீஜா நாயகியார் நபீஸா என்னும் பெண்மணி வாயிலாக முஹம்மது நபியவர்களுக்குத் தம் மணவிருப்பத்தைத் தெரிவித்த வரலாற்றை முஸ்லிம்கள் யாவரும் அறிவர்.

எனினும், கேட்பது பெண்ணின் வீடேயன்றிப் பெண்ணல்லள் என்பதை நாம் மறத்தலாகாது. கதீஜா நாயகியார் தம் விருப்பைத் தாமே தெரிவித்தார்; இங்கோ தந்தையும் தாய்மாமனும் பேசுகின்றனர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை வேண்டிற்றிலது. வலியின் ஒப்பமே போதியதாயிற்று. அன்றியும், கேட்கும் உரிமையோடு கொடுக்குங் கடனும் இணைந்தது. வீட்டுடன் கைக்கூலியுஞ் சேர, மகளிர் பலரைப் பெற்ற ஏழைத் தந்தையின் பாரம் ஏறிற்று.

ஆயினும் வீடு அவள் பெயரில் இருந்தமை அவளுக்கு ஓர் அரணாயிற்று. 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கரையோர மனைகளை வாரிச் சென்றது. பின்னர்க் கட்டப்பட்ட வீடுகள் பல இடங்களில் குடும்பத் தலைவன் என ஆடவன் பெயரிலேயே வழங்கப்பட்டன. நூற்றாண்டுகள் காத்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் நழுவிற்று.

மனை அவளதாயின், மாப்பிள்ளை யாரென்னுஞ் சொல்லும் அவளதாதல் முறையன்றோ? உறுதி அவள் பெயரில் நிலைக்கட்டும். மாப்பிள்ளை கேட்கப் புறப்படுமுன் மகளைக் கேட்கட்டும். முன்னோர் வழக்கு அப்பொழுதே நிறைவுறும்.