ஊனோவில் பைத்தான் ஏன் ஓடவில்லை?



“மைக்ரோபிட்ல பைத்தான் ஓடுது, நம்ம ஆர்டுவினோ ஊனோல ஏன் ஓடல டீச்சர்?” என்று படிவம் மூன்று மாணவி ஒருத்தி கேட்டாள். “அது வேற, இது வேற” என்று சமாளித்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். பதில் வரலாற்றில் இருக்கிறது.

1980-இல் வந்த இன்டெல் 8051 மைக்ரோகண்ட்ரோலரில் நிரலுக்கு 4 கிலோபைட், தரவுக்கு வெறும் 128 பைட். அந்த மாணவியின் கேள்வியை யூனிகோட் தமிழில் தட்டினால் 128 பைட்டில் அடங்காது! அதனால்தான் பெரும்பாலும் அசெம்பிளி மொழியில், ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எழுதினார்கள்.

உயர்நிலை மொழி இதற்குள் எப்படி நுழையும்? ஒரு வழி, மாற்றும் வேலையைக் கணினியிலேயே முடித்துவிடுவது. சி மொழி நிரலைக் கம்பைலர் இயந்திர மொழியாக்கும். சில்லுக்குப் போவது அது மட்டுமே. 1990களில் அட்மெல் வெளியிட்ட ஏவிஆர் சில்லு, நார்வேயில் ஆல்ஃப்-ஏகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய வேலை. அதை உருவாக்கும்போதே ஐஏஆர் என்ற சுவீடன் நிறுவனத்தின் கம்பைலர் வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, சி மொழிக்கு ஏற்றபடி வடிவமைப்பைத் திருத்தினார்கள். மொழிக்காகச் சில்லே வளைந்து கொடுத்தது பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஊனோவில் இருப்பது அந்தக் குடும்பத்துச் சில்லு.

இன்னொரு வழி, இன்டர்பிரட்டரைச் சில்லுக்குள்ளேயே குடிவைப்பது. 1992-இல் பேரலாக்ஸ் நிறுவனத்தின் பேசிக் ஸ்டாம்ப் இதைச் செய்தது. நிரலுக்கு மிஞ்சியது 256 பைட், வேகமும் குறைவுதான். ஆனாலும் அசெம்பிளி தெரியாதவர்கள் ஒரே மாலையில் விளக்கை எரியவைத்தார்கள்.

2013-இல் டேமியன் ஜார்ஜ் பொதுமக்களிடம் நிதி திரட்டி மைக்ரோபைத்தானைக் கொண்டுவந்தார். அதன் முதல் பலகையில் ஃபிளாஷ் 1 மெகாபைட், ரேம் 192 கிலோபைட். 2016-இல் மைக்ரோபிட்டின் 256 கிலோபைட் ஃபிளாஷ், 16 கிலோபைட் ரேமுக்குள் அதைச் சுருக்கி வைத்தார்கள். நம் லேபில் உள்ள ஊனோ ஆர்3-இல் ஃபிளாஷ் 32, ரேம் 2 கிலோபைட்தான். இன்டர்பிரட்டருக்கே இடம் பத்தாது.

ஆகவே தேர்வில், “எந்த உயர்நிலை மொழி நிரலும் இயந்திர மொழியாக மாறித்தான் சில்லுக்குப் போகும்” என்று எழுதிவிடாதீர்கள். வகுப்பிலேயே சோதிக்கலாம். ஊனோ நிரலில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிடுங்கள்; கணினியே தடுத்துவிடும், பலகைக்கு ஒன்றும் போகாது. மைக்ரோபிட் பைத்தானில் ஒரு முக்காற்புள்ளியை விட்டுவிட்டு ஏற்றுங்கள்; பிழைச் செய்தி வரி எண்ணோடு அந்தக் குட்டி விளக்குகளிலேயே ஓடும்.

மறுவாரம் அந்த மாணவியையே முன்னால் அழைத்து இதைச் செய்யச் சொன்னேன்.